படிந்த முடி என்று நான் சொன்ன சாட்சி

கத்தரி பிடித்து ஐந்தாறு மாதமே ஆன தம்பிகளும், பெண்கள் பார்லரில் புதிதாகச் சேர்ந்த தங்கைகளும் என்னைப் பார்த்தால் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "சுருட்டை முடின்னு வர்றாங்க. அது எந்த வகைச் சுருட்டைன்னு எப்புடிங்க கண்டுபுடிக்கிறது?" சிலர் கைப்பேசியில் படம் காட்டுகிறார்கள். அலை, வளையம், சுருள் என்று வரிசையாகத் தலைகள். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நாற்பது வருடத்தில் அந்தப் படத்தில் இருப்பது போல ஒரு தலைகூட என் நாற்காலியில் வந்து உட்காரவில்லை. உச்சியில் ஒன்று, பிடரியில் ஒன்று, காதோரம் ஒன்று என்று எல்லாம் கலந்துகட்டித்தான் வந்தன.

அதைவிடப் பெரிய சிக்கல், வருகிறவருக்கே தன் முடி என்ன முடி என்று தெரிவதில்லை. பிறந்ததிலிருந்து தலையில் இருப்பது தெரியாமல் போகுமா என்று கேட்பீர்கள். போகும். எனக்கு அதைப் புரியவைத்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அதனால் அவருடைய கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. நிறுத்தப் பார்த்தவன் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் என் சலூன். எனக்கு முப்பது வயது. கோடு பிசகாமல் வெட்டுவேன் என்று பெயர் எடுத்திருந்தேன். தலையை நன்றாக நனைத்து, சீப்பால் இழுத்துப் படியவைத்து, அளவு பார்த்து வெட்டுவதுதான் என் பழக்கம். ஈரத்தில் முடி சொன்னபடி கேட்கும். அதனால் ஈரத்தில் தெரிவதுதான் உண்மை என்று நம்பியிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சேசுராஜ் வாத்தியார் வந்தார். பொம்மிடிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் அவருக்கு. அங்கேயே தொடக்கப் பள்ளியில் வேலை. அதுவரை சொந்த ஊரிலேயே முடிவெட்டிக்கொண்டவர், என்னிடம் அன்றுதான் முதல்முறை. தலையில் விளக்கெண்ணெய் வழிந்தது. முடி மண்டையோடு ஒட்டி, கறுப்புத் துணி போர்த்தியது போல இருந்தது.

"எப்புடி வெட்டணும் சார்?"

"எப்பவும் போலப் படிஞ்சாப்புல இருக்கணுங்க. காதுக்கு மேல கொஞ்சம் எடுத்துடுங்க. சாயங்காலம் பொண்ணு வூட்டு ஊருல சாமியாருகிட்ட மந்திரம் சொல்லணும்."

அவர்கள் கத்தோலிக்கர்கள். கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு கோயில் பூசையில் ஓலை வாசிப்பார்கள். அதற்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் பங்குச் சாமியாரிடம் ஜெபங்களை, அவர்கள் பேச்சில் மந்திரங்களை, ஒப்பிக்க வேண்டும். அந்த ஞாயிறு முதல் ஓலை. பெண்ணின் ஊர் தருமபுரி தாண்டி, காரிமங்கலம் போகிற வழியில். தன் அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் வாத்தியார் தனியாகப் புறப்பட்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன மாதிரி முடிங்க சார்?" என்று கேட்டேன்.

"சாதா முடிதாங்க."

எண்ணெயில் சீப்பு நிற்கவே இல்லை. பின்பக்கம் போய்ச் சோப்புப் போட்டு அலசி வரச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. "எண்ணெ இருக்கறப்பவே வெட்ட முடியாதுங்களா?" என்றார். குரலில் ஏதோ தயக்கம். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. துண்டை எடுத்து நீட்டினேன்.

அலசி வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்டச் சீவினேன். முடி நேராக இறங்கியது. நுனியில் மட்டும் லேசாக வளைந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதுக்கு மேலே ஒரு விரல் விட்டு, பிடரியை ஏற்றி வெட்டினேன். கண்ணாடியில் பார்த்து அவரும் தலையாட்டினார்.

"கொஞ்சம் எண்ணெ இருக்குங்களா?"

"எண்ணெயெல்லாம் வேணாம் சார். புது மாப்பிள்ளை, பளிச்சுன்னு போங்க."

அதற்குள் தருமபுரி பஸ் வந்துவிட்டது. ஈரத் தலையோடு ஓடிப்போய் ஏறினார்.

மறுநாள் உச்சி வெயிலில் ஒருவர் கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. முடிவெட்ட வந்தவர் போலத் தெரியவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காராமல் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

"எம் பேரு இன்னாசிங்க. ரயிலடி ரோட்டு சலூன்ல வெட்டுனதா ஒருத்தன் சொன்னான். இந்தப் பையன் நேத்து உங்ககிட்ட முடி வெட்டினானா?"

போட்டோவில் எண்ணெய் மினுங்கும் படிந்த தலையோடு சேசுராஜ். "ஆமாங்க. மத்தியானம் வந்தாரு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க வெட்டினப்ப இவனுக்குச் சுருட்டை முடியா?"

"சுருட்டையா? இல்லீங்களே. படிஞ்ச முடிங்க. எங்கையால சீவி வெட்டினனுங்க."

"சத்தியமா?"

"இதுல பொய் சொல்லி எனக்கு என்னங்க வரப்போவுது? நேர் முடி."

அவர் முகம் இறுகியது. போட்டோவைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் பெண்ணுக்குத் தாய்மாமன். பெண்ணுக்கு அப்பா இல்லை, எல்லாம் இவர் பொறுப்பு. பெண் பார்க்க வந்த அன்று இவர் ஊரில் இல்லை. மாப்பிள்ளையைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தபோது, போட்டோவில் இருந்தவன் இறங்கவில்லை. தலை நிறையச் சுருள் சுருளாக எழும்பி நின்ற ஒருவன் இறங்கி, "மாமா, நாந்தான் சேசுராஜ்" என்றான். இன்னாசி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அவனைச் சாமியாரிடம் கூட்டிப்போய், வீட்டுக்கு அழைக்காமலே பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்.

"அந்த வூட்டுல ரெண்டு பசங்க. மூத்தவன் பெங்களூருல ஒரு பொண்ணக் கட்டி, பாதியில வுட்டுட்டு வந்தவன். இன்னைக்குக் காலையில அவங்க ஊருலயே போய் விசாரிச்சனுங்க. சுருட்டை முடின்னா பெரியவன், படிஞ்ச முடின்னா சின்னவன்னு சொல்றாங்க. சின்னவனப் போட்டோவுல காட்டி, பெரியவன எந்தங்கச்சி மக தலையில கட்டப் பாக்கறாங்க. சந்தேகமாத்தான் இருந்துச்சு. இப்ப நீங்க சொன்னப்புறம் சந்தேகமே இல்ல."

நான் வெட்டி அனுப்பிய ஆள் நேர்முடிக்காரர். அங்கே இறங்கிய ஆள் சுருட்டைக்காரர். நடுவில் ஒரு பஸ் பயணம். அப்படியென்றால் இடையில் ஆள் மாறினார்களா? ஒரு வேளை என்னிடம் வந்தவர் ஒருவர், பஸ்ஸில் போனவர் வேறொருவரா? பஸ் ஏறியதை என் கண்ணால் பார்த்தேனே. ஒன்றும் பிடிபடவில்லை. இன்னாசி எனக்காக நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கக் கூடாது என்று சாமியாரிடம் சொல்லிவிடுவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அவர் போய் ஒரு மணி நேரம் இருக்கும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சேசுராஜ் உள்ளே வந்தார்.

"ஏனுங்க, எந்தலைய என்ன பண்ணி வுட்டீங்க?" என்று துண்டை அவிழ்த்தார்.

நான் வெட்டிய தலை அதுவென்று என்னாலேயே நம்ப முடியவில்லை. ஒரு விரல் விட்டு வெட்டிய இடம் காதுக்கு மேலே எங்கேயோ ஏறிப்போயிருந்தது. உச்சியில் பெரிய பெரிய வளையம். பிடரியில் மிளகு ஒட்டியது போல இறுகிய சுருள். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். நடந்து அருகில் போய் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவரேதான்.

"சார், சாதா முடின்னுதானே சொன்னீங்க?"

"நுனி கொஞ்சம் வளையும், மத்தபடி சாதா முடின்னுதாங்க நானும் நெனச்சிட்டிருந்தன்."

பதினாறு பதினேழு வயது வரையில் அவருக்குக் கிராப்புதான், ஒட்ட வெட்டிய முடி. அதன்பிறகுதான் அண்ணன் பெங்களூரிலிருந்து தனியாகத் திரும்பி வந்தார். ஊரில் பேச்சு கிளம்பியது. வளர ஆரம்பித்த தம்பியின் தலையைப் பார்த்து, "இவனுக்கும் அண்ணன் மாதிரியே சுருளுது. தலை ஒண்ணுன்னா புத்தியும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் விளக்கெண்ணெய். பத்து வருடம். எண்ணெய் இல்லாத தன் தலையை அவர் முழுதாகப் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரக் காற்றில் காய்ந்து எழும்பியபோது, கையால் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். அடங்கவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, நான் ஏன் சோப்பு, எண்ணெய் எல்லாம் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், ஈரமான சுருட்டை முடியும் எண்ணெய் குடித்த சுருட்டை முடியும் ஒரேயடியாகப் பொய் சொல்லும். பாரம் இருக்கும் வரை நீளமாகத் தொங்கும். பாரம் இறங்கியதும் பாதியாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு இடம் விடாமல் நான் வெட்டிவிட்டேன். வெட்டியதை விடப் பெரிய தப்பு, ஈரத்தில் மட்டுமே பார்த்த தலையைப் பற்றி அடித்துச் சாட்சி சொன்னது.

இன்னாசி வந்ததையும் நான் சொன்னதையும் அவரிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "மொட்டை அடிச்சிடுங்க."

"என்னங்க சார்?"

"வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன்னு சொல்லிடறன். முடியே இல்லன்னா எந்த முடின்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் தப்பும் அதோடு மறைந்துபோகும். கத்தியை எடுத்துத் தீட்டவும் செய்தேன். தீட்டும்போதே ஒன்று உறைத்தது. நேற்றுச் சுருட்டையோடு வந்தவன் இன்று மொட்டையோடு நின்றால், இன்னாசி என்ன நினைப்பார்? மறைக்கிறான் என்றுதான் நினைப்பார். கத்தியை மடக்கி வைத்தேன்.

"வேணாம் சார். நான் வந்து சொல்றன். என் தப்புன்னு சொல்றன்."

"நம்புவாங்களா?"

அது எனக்கும் தெரியாது. கடையின் பின்பக்கம் ஒரு கூடை இருந்தது. வெட்டி விழுகிற முடியை அதில்தான் கூட்டிப்போடுவேன். இரண்டு நாளாகக் கொட்டவில்லை. அதை வெயிலில் கவிழ்த்தோம். நரை, செம்பட்டை, நேர்முடி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. நடுவே கறுப்புக் கம்பிச்சுருள் போலக் கொத்துக்கொத்தாகச் சில. வாத்தியாரும் நானும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினோம். நேற்று என் விரலிடுக்கில் நேராக நின்ற முடி, இன்று செய்தித்தாளில் வளையம் வளையமாகக் கிடந்தது. மடித்து மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பக்கத்துக் கடைக்காரர், "உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று கேட்டார்.

பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயவில்லை. வாசலில் இன்னாசி நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது என்னைத்தான்.

"நீங்க எதுக்கு இவன்கூட வந்தீங்க?"

"ஐயா, நான் மத்தியானம் சொன்னது தப்புங்க. இவரு அவரேதான். ஈரத்துல பாத்துட்டு நேர் முடின்னு சொல்லிட்டனுங்க."

"மத்தியானம் ஒரு பேச்சு, இப்ப ஒரு பேச்சு. எதை நம்பறது?"

கேட்டது நியாயம்தான். ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். முற்றத்தில் முக்காலி போட்டு வாத்தியாரை உட்காரவைத்து, தலையை நனைத்துச் சீவினேன். உச்சி முடி படிந்தது. பிடரி படியவில்லை. வெட்டிக் குட்டையாக்கிவிட்டேனே, அது எப்படிப் படியும்? பாதித் தலை நேர், பாதித் தலை சுருள். இன்னாசி முன்னாலும் பின்னாலும் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, இது என்ன முடிதான்?"

"எனக்கும் முழுசாத் தெரியலீங்க," என்றேன். அதுதான் அன்று நான் பேசிய முதல் சரியான பேச்சு.

செய்தித்தாளை அவிழ்த்து ஒரு சுருளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நனைத்து இழுக்கச் சொன்னேன். ஆள்காட்டி விரல் நீளத்துக்கு நேராக வந்தது. வெயிலில் வைத்தோம். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். காயக் காய அது மெல்ல அசைந்து சுருண்டு, மோதிரம் போல ஆனது. இன்னாசியின் வாய் திறந்தபடி இருந்தது. மறுபடி நனைத்தார். மறுபடி காயவைத்தார். குழந்தை போல மூன்று தடவை செய்தார். பிறகு நிமிர்ந்தார்.

"சரி, சுருட்டை முடி நேராவும் தெரியும்னு ஒத்துக்கறன். ஆனா இந்த முடி இவன் தலையிலருந்துதான் வந்துச்சுன்னு எப்புடி நம்பறது? மூத்தவனத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னா?"

இன்னாசியே பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. அருகில் வந்து பார்த்து, "மொகம் அதுமாதிரித்தான் இருக்குது. ஆனா அன்னைக்கு இப்புடி இல்லியே" என்று அவரும் குழம்பினார். வாத்தியார் நனைந்த தலையோடு முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தண்ணீர் ஓடியது. துடைக்கக்கூட இல்லை.

அப்போது உள்ளேயிருந்து பெண் வெளியே வந்தாள். பிலோமினா என்று பெயர். இருபது வயது இருக்கும்.

"மாமா, அவர எடது கையக் காட்டச் சொல்லுங்க."

"கையா? எதுக்கு?"

"அன்னைக்கு நான் தலைய நிமிரவே இல்ல. முடி, மொகம் எதையும் பாக்கல. காபி குடுத்தப்ப டம்ளரப் புடிச்ச கையத்தான் பாத்தன். கட்டவெரல் நகம் நடுவுல ரெண்டாப் பொளந்திருந்துச்சு. வலிக்குமோன்னு நெனச்சன்."

வாத்தியார் கையை நீட்டினார். இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டு சிறு நகம் போல வளர்ந்திருந்தது. சின்ன வயதில் கிணற்று ஏற்றக் கயிற்றில் சிக்கியது என்றார். நான் அவர் தலையை அத்தனை நேரம் பிடித்திருந்தேன், அந்தக் கையைக் கவனிக்கவில்லை.

இன்னாசி போட்டோவை எடுத்துத் தேடினார். அதில் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"போட்டோவுல கையே தெரியலியே," என்று சிரிப்பும் எரிச்சலுமாகச் சொன்னார். பிறகு தங்கை மகளைப் பார்த்தார். "உனக்கு இவன்தான்னு தெரியுதா?"

"தெரியுதுங்க மாமா. முடி எப்புடி இருந்தாலும் சரி. அந்த எண்ணெ மட்டும் வேணாம். அன்னைக்கு உக்காந்துட்டுப் போன நாற்காலி முதுகைத் தேச்சுக் கழுவறதுக்குள்ள எனக்குக் கையே போச்சு."

வாத்தியார் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். ஓலையை வாசிக்கலாம் என்று சொல்ல இன்னாசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் புறப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் வேலையை மாற்றிக்கொண்டேன். சுருட்டை என்று யார் வந்தாலும், அலசி, எண்ணெய் வைக்காமல், சீவாமல், தானாகக் காயவிட்டு வரச் சொன்னேன். சிலருக்குக் கோபம் வரும், இன்னொரு நாள் வருகிறேன் என்று போவார்கள். போகட்டும். உச்சி, காதோரம், பிடரி மூன்றையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு சுருளை இழுத்துவிட்டு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பேன். கேட்டதில் பாதிதான் வெட்டுவேன். சின்ன வயதில் முடி எப்படி இருந்தது, வீட்டில் வேறு யாருக்கு இப்படி என்று கேட்பேன். இத்தனையும் செய்த பிறகும் சில தலைகளில் ஏமாந்திருக்கிறேன். ஏமாந்தால் ஏமாந்தேன் என்று சொல்லிவிடுவேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேசுராஜ் வந்தார். தலை கொஞ்சம் வளர்ந்திருந்தது, எண்ணெய் இல்லை. கூட இன்னொருவர் வந்து கடைக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றார். அவருக்கும் தலை நிறையச் சுருள்.

"எங்கண்ணனுங்க. கல்யாணத்துக்கு வரமாட்டன்னு மறுபடி பெங்களூருக்கே போயிட்டாரு. நான் போய்க் கூட்டியாந்தன். இவருக்கும் வெட்டி வுடுங்க."

அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "என்னால இவன் பத்து வருசம் எண்ணெயிலயே ஊறிக் கெடந்தானாமே," என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் நாற்காலியைத் தட்டிக் காட்டினேன்.

முதலில் தம்பிக்கு வெட்டினேன். காய்ந்த தலையிலேயே, ஒவ்வொரு சுருளாக. பிறகு அண்ணனை உட்காரவைத்து விரலை உள்ளே விட்டேன். தம்பியுடையது கம்பி போல இறுகி விறைப்பாக இருந்தது. அண்ணனுடையது மெல்லிசாக, தொளதொளவென்று பெரிய வளையமாக விழுந்தது. இழுத்துவிட்டால் சோம்பலாக ஏறியது. தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும்.

"சார், உங்க ரெண்டு பேரு முடியும் ஒண்ணே இல்லீங்க," என்றேன்.

சேசுராஜ் எழுந்து வந்தார். "என்னங்க சொல்றீங்க? ஊரே ஒரே முடின்னு சொல்லுச்சே."

"ஊரு தொட்டுப் பாக்கலீங்க."

அண்ணன்காரர் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினார். தம்பி தலையைக் குனிந்து கொடுத்தார்.